தகுதிச் சுற்று

2008 செப்டம்பர் 6ஆம் தேதி லாட்வியா நாட்டின் லீபாயா நகரில் ஓர் ஐஸ் ஹாக்கி ஆட்டம் நடந்தது. ஸ்லோவாக்கியப் பெண்கள் அணி பல்கேரியப் பெண்கள் அணியை 82-0 என்ற கணக்கில் வென்றது. அச்சுப்பிழை இல்லை, எண்பத்திரண்டுதான். அறுபது நிமிட ஆட்டத்தில் 44 விநாடிக்கு ஒரு கோல். அந்தத் தொடரில் பல்கேரியா ஆடிய நான்கு ஆட்டங்களிலும் சேர்த்து வாங்கிய கோல்கள் 192. போட்டது ஒன்று. 2010 வான்கூவர் குளிர்கால ஒலிம்பிக்கில் ஆடப்போவது யார் என்று தீர்மானிக்கும் தகுதிச் சுற்று அது.

இந்தச் செய்தியை உலகம் வேடிக்கையாகவே சொல்லிக்கொண்டது. எனக்கு வேறொன்று தோன்றியது. ஐஸ் ஹாக்கியில் ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் நடுவட்டத்துக்கு வந்துதான் ஆட்டத்தை மறுபடி தொடங்க வேண்டும். அப்படியானால் அந்தப் பெண்கள் எண்பத்திரண்டு முறை தலைநிமிர்ந்து நடுவட்டத்துக்கு வந்திருக்கிறார்கள். ஆட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போகவில்லை.

ஆனைமலையில் உட்கார்ந்துகொண்டு ஐஸ் ஹாக்கியைப் பற்றி ஒருத்தி ஏன் எழுத வேண்டும்? எங்கள் ஊரில் ஐஸ் என்றால் மீன்கடைப் பெட்டியில் இருப்பது. மிஞ்சினால் பள்ளிக்கூட வாசலில் விற்கும் குச்சி ஐஸ். ஒரு சொல்தான் என்னை இந்த ஆட்டத்தின் பக்கம் இழுத்தது. நான் வேலை பார்க்கும் கல்லூரியில், பெண்கள் ஹாக்கி அணியை இனியும் வைத்திருக்க வேண்டுமா என்று பேசிய கூட்டத்தில் அந்தச் சொல் விழுந்தது: 'தகுதி'. எங்கள் பெண்கள் ஆடுவது பனியில் அல்ல, செம்மண்ணில். ஆனாலும் அன்று வீட்டுக்கு வந்ததிலிருந்து, தகுதிச் சுற்று என்று ஒன்றை உலகம் எப்படி நடத்துகிறது என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். அதில் பிடிபட்டதைச் சொல்கிறேன்.

பல்கேரியாவை 82-0 என்று வென்ற அதே ஸ்லோவாக்கியா தகுதிச் சுற்றுகளைத் தாண்டி வான்கூவருக்குப் போனது. அங்கே கனடா அதை 18-0 என்று வென்றது. உடனே ஒரு பேச்சு கிளம்பியது: இவ்வளவு ஏற்றத்தாழ்வு இருக்கும் ஆட்டம் ஒலிம்பிக்கில் எதற்கு? அப்போது சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் தலைவராக இருந்த ஜாக் ரோக், முன்னேற்றம் இல்லாமல் பெண்கள் ஐஸ் ஹாக்கியை இப்படியே தொடர முடியாது என்ற பொருளில் பேசினார். பெண்கள் ஐஸ் ஹாக்கி ஒலிம்பிக்குக்குள் நுழைந்து அப்போது பன்னிரண்டு வருடம்தான் ஆகியிருந்தது.

ஆண்களின் கணக்கைப் பார்ப்போம். ஆண்கள் ஐஸ் ஹாக்கி 1920இல் ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கிலேயே வந்துவிட்டது. பெண்களுக்கு 1998இல் நாகானோவில்தான் இடம் கிடைத்தது. இடையில் 78 வருடம். 1924இல் ஷமோனியில் நடந்த முதல் குளிர்கால ஒலிம்பிக்கில் கனடா ஆண்கள் அணி செக்கோஸ்லோவாக்கியாவை 30-0, ஸ்வீடனை 22-0, சுவிட்சர்லாந்தை 33-0 என்று வென்றது. 1949 உலகப் போட்டியில் அதே கனடா டென்மார்க்கை 47-0 என்று வென்றது. அதாவது ஒலிம்பிக்குக்குள் வந்து 29 வருடம் கழித்தும் நாற்பத்தேழு கோல் வித்தியாசம். அதற்காக ஆண்கள் ஐஸ் ஹாக்கி நீக்கப்படவில்லை. தோற்ற நாடுகள் ஆடிக்கொண்டே இருந்தன. 1998இல் நாகானோவில் ஆண்கள் தங்கத்தை வென்றது செக் குடியரசு.

ஆண்களின் தோல்வி வளர்ச்சியின் ஆரம்பம். பெண்களின் தோல்வி தகுதியின்மைக்குச் சாட்சி. ஒரே எண்ணுக்கு இரண்டு விதமான வாசிப்பு.

இனி அந்தத் தகுதியை எப்படி அளக்கிறார்கள் என்று பார்க்கலாம். சர்வதேச ஐஸ் ஹாக்கி சம்மேளனம் 2003 முதல் ஒரு தரவரிசை வைத்திருக்கிறது. கடைசி நான்கு வருட உலகப் போட்டிகளிலும் கடைசி ஒலிம்பிக்கிலும் ஒரு நாடு எந்த இடத்தில் முடித்ததோ அதற்குப் புள்ளிகள். உலகப் போட்டியை வென்றால் 1200. இந்த வருடப் புள்ளி முழுசாகச் சேரும், போன வருடத்தது முக்கால் பங்கு, அதற்கு முந்தையது பாதி, அதற்கும் முந்தையது கால். பெய்ஜிங் 2022க்குப் பெண்கள் பிரிவில் பத்து இடங்கள் இருந்தன. ஆண்களுக்குப் பன்னிரண்டு. பத்தில் ஆறு இடம் தரவரிசையின் முதல் ஆறு நாடுகளுக்கு: அமெரிக்கா, கனடா, பின்லாந்து, ரஷ்யா, சுவிட்சர்லாந்து, ஜப்பான். ஓர் இடம் போட்டியை நடத்தும் சீனாவுக்கு. மிச்சமிருந்த மூன்று இடங்களுக்குத்தான் மற்ற நாடுகள் எல்லாம் சுற்றுச் சுற்றாக மோத வேண்டியிருந்தது. செக், ஸ்வீடன், டென்மார்க் அப்படி வந்தன.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது உடனே புரியும். ஆழியாற்றில் பழைய ஆயக்கட்டு 6,400 ஏக்கர். அணை கட்டுவதற்கு முன்பே வாய்க்கால் வைத்திருந்த நிலங்கள் என்பதால் தண்ணீரில் அவற்றுக்கே முதல் உரிமை. புதிய ஆயக்கட்டுக்கு மண்டலம் பிரித்து முறைவைத்துத் தண்ணீர் வரும். கடைமடைக்கு வந்தால் உண்டு. தரவரிசையில் இருக்கும் ஆறு நாடுகள் பழைய ஆயக்கட்டு. தகுதிச் சுற்றில் மோதுகிறவை கடைமடை. பழைய ஆயக்கட்டு வயல் பச்சையாக இருப்பதைப் பார்த்துவிட்டு, "அந்த மண்ணே தனி" என்று சொல்வோர் உண்டு. தண்ணீர் எத்தனை நாள் பாய்ந்தது என்று யாரும் கேட்பதில்லை. ஆயக்கட்டுக்குள்ளும் இன்னொரு வரிசை இருக்கிறது. பாசன சபைத் தேர்தலில் ஓட்டுப் போட நிலம் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். களையெடுத்து, நாற்று நட்டு, தேங்காய் பொறுக்கிய கைகளின் பெயரில் பட்டா இருப்பது அபூர்வம். அந்தப் பெண்களுக்குத் தண்ணீரைப் பற்றிப் பேசத் தகுதியில்லை என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பட்டா இல்லை, அவ்வளவுதான்.

போட்டியை நடத்தும் நாட்டுக்குக் கிடைக்கும் அந்த ஓர் இடம் முக்கியமானது. அது தகுதியால் வருவதல்ல. அரங்கம் கட்டிச் செலவு செய்கிறவருக்குக் கொடுக்கும் மரியாதை. அந்த மரியாதை ஓர் அணியை என்ன செய்யும் என்பதற்கு ஜப்பான் உதாரணம். 1998இல் நாகானோவில் ஆறு பெண்கள் அணிகள் ஆடின. ஐந்து, முந்தைய வருட உலகப் போட்டியின் முதல் ஐந்து இடங்கள். ஆறாவதாக ஜப்பான், போட்டியை நடத்தும் நாடு என்பதால் மட்டுமே வந்தது. ஐந்து ஆட்டங்களிலும் தோற்றது. அடுத்த மூன்று ஒலிம்பிக்குகளுக்குப் போகவே முடியவில்லை. ஆனால் அணி கலையவில்லை. 2014 சோச்சிக்குத் தகுதிச் சுற்று வழியாகப் போனார்கள். அங்கேயும் எல்லா ஆட்டமும் தோல்வி. 2018இல் முதல் ஒலிம்பிக் வெற்றி. 2022இல் தரவரிசையின் முதல் ஆறில் ஒன்றாக நேரடியாக நுழைந்து, தங்கள் பிரிவில் முதலிடம் பிடித்தார்கள். இருபத்துநான்கு வருடம் ஆயிற்று. முதலில் இடம் கிடைத்தது, தகுதி பின்னால் வந்து சேர்ந்தது.

விதி நெகிழாது என்பார்கள். ஆள்கிறவர்களுக்குத் தேவைப்பட்டால் நன்றாகவே நெகிழும். 2018இல் பியோங்சாங்கில் வட கொரியாவையும் தென் கொரியாவையும் ஒரே கொடியின் கீழ் ஆட வைக்க நினைத்தபோது அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது பெண்கள் ஐஸ் ஹாக்கி அணி. தொடக்க விழாவுக்குச் சில வாரங்களே இருந்தன. தென் கொரியாவின் 23 பேரோடு வட கொரியாவின் 12 பேர் சேர்க்கப்பட்டார்கள். இந்த அணிக்காக மட்டும் 35 பேருக்கு அனுமதி தரப்பட்டது. ஒவ்வோர் ஆட்டத்திலும் வடக்கிலிருந்து குறைந்தது மூன்று பேரை இறக்க வேண்டும் என்பது நிபந்தனை. வருடக்கணக்காகப் பயிற்சி எடுத்த தெற்குப் பெண்கள் சிலர் வெளியே உட்கார வேண்டி வந்தது. இந்த அணி எப்படியும் பதக்கம் வாங்கப்போவதில்லை என்ற பொருளில் தென் கொரியப் பிரதமரே பேசி, எதிர்ப்பு வந்ததும் மன்னிப்புக் கேட்டார். சமாதானம் நல்லதுதான். ஆனால் அதற்கான விட்டுக்கொடுத்தலை ஆண்கள் அணியிடம் யாரும் கேட்கவில்லை. குடும்பங்களில் யார் படிப்பை நிறுத்தலாம் என்று பேசும்போது யார் பெயர் முதலில் வருமோ, அவள் பெயர்தான் அங்கேயும் வந்தது.

தகுதி என்ற சொல்லை நான் வகுப்பில் வருடாவருடம் நடத்துகிறேன். தமிழ் இலக்கணத்தில் 'தகுதி வழக்கு' என்று ஒன்று உண்டு. ஒரு பொருளை அதற்குரிய சொல்லால் சொல்லாமல், சபைக்குத் தகுந்த வேறொரு சொல்லால் சொல்வது. செத்தார் என்பதை இறைவனடி சேர்ந்தார் என்பது மங்கலம். மலம் கழுவி வந்தான் என்பதைக் கால் கழுவி வந்தான் என்பது இடக்கரடக்கல். அன்றைய கூட்டத்துக்குப் பிறகு எனக்கு 'தகுதியில்லை' என்பதே ஒரு தகுதி வழக்காகத் தெரியத் தொடங்கியது. 'நாங்கள் கொடுக்கவில்லை' என்பதைச் சபையில் சொல்ல முடியாது. அதனால் 'உனக்குத் தகுதியில்லை' என்கிறோம்.

2023இல் தமிழ்நாட்டுப் பெண்கள் எல்லோரும் இந்தச் சொல்லோடு பழகினார்கள். குடும்பத் தலைவிகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் என்று தேர்தலில் சொன்னது, திட்டமாக வந்தபோது 'தகுதி வாய்ந்த' குடும்பத் தலைவிகளுக்கு என்று மாறியது. வருட வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், மின்சாரம் வருடத்துக்கு 3,600 யூனிட்டுக்குள் என்று நிபந்தனைகள் வந்தன. அந்தப் பணம் எத்தனையோ பெண்களுக்கு உண்மையிலேயே உதவுகிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் பெயரில் உரிமை என்றும் நிபந்தனையில் தகுதி என்றும் இருப்பது உறுத்துகிறது. கணவனின் வருமானத்தாலும் வீட்டின் மின்கட்டணத்தாலும் ஒருத்தி தகுதி இழக்கிறாள். அவள் கையில் சொந்தமாக நூறு ரூபாய் இருக்கிறதா என்று அந்தப் படிவம் கேட்கவில்லை.

இப்போது எங்கள் கூட்டத்துக்கு வருகிறேன். மேசையில் இருந்த தாளில் மூன்று வருட முடிவுகள் இருந்தன. பெண்கள் ஹாக்கி அணி மூன்று வருடமும் மண்டலப் போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்றிருந்தது. "தகுதிச் சுற்றையே தாண்டாத டீமுக்கு எதுக்குங்க மேடம் செலவு? அந்தக் காசுல பசங்க கிரிக்கெட் டீமுக்கு வலை போடலாம்" என்றார் ஒரு மூத்த பேராசிரியர். கெட்ட மனிதர் இல்லை. கணக்குப் பார்த்துப் பேசுகிறவர். நான் இன்னொரு கணக்கைக் கேட்டேன்: மைதானம் யாருக்கு எத்தனை நாள் என்ற பதிவேடு. ஆண்கள் அணிகளுக்குக் காலையும் மாலையும். பெண்களுக்குச் செவ்வாயும் வியாழனும், நாலு மணி முதல் ஐந்து மணி வரை. ஆண்கள் போட்டி இருந்தால் அதுவும் கிடையாது. மழை, தேர்வு, விழாப் பந்தல் எல்லாம் போக ஜூலை முதல் டிசம்பர் வரை எங்கள் பெண்கள் மட்டையோடு மைதானத்தில் இறங்கியது பதினேழு நாள்.

நாலு மணிக்கு வகுப்பு முடிந்து, உடை மாற்றி இறங்க நாலே கால் ஆகும். ஐந்தே கால் பஸ்ஸை விட்டால் வேட்டைக்காரன்புதூருக்கும் கோட்டூருக்கும் போகிற பெண்கள் வீட்டுக்குப் பதில் சொல்ல வேண்டும். பஸ்ஸில் டிக்கெட் இலவசம், ஆனால் இருட்டினால் அம்மாவுக்கு யார் பதில் சொல்வது? பதினேழு நாளையும் இந்த முக்கால் மணி நேரத்தால் பெருக்கினால் மொத்தம் பதின்மூன்று மணி நேரம்கூட வராது. அவர்கள் எதிர்த்து ஆடிய அணியில் சிலர் விளையாட்டு விடுதியில் தங்கித் தினமும் இருவேளை பயிற்சி எடுப்பவர்கள்.

அடுத்த நாள் அணித் தலைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் அழவில்லை, கோபப்படவும் இல்லை. மட்டையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, "ஏனுங்க மேடம், தோக்கறதுக்காவது கிரவுண்டு வேணுமில்லீங்களா?" என்றாள்.

அந்தக் கேள்வியைத் தாளில் எழுதித்தான் நான் குழுவுக்குக் கொடுத்தேன். கூடவே ஒரு கோரிக்கை: இனிமேல் முடிவுகள் எழுதும் தாளில், ஒவ்வோர் அணிக்கும் கிடைத்த மைதான நேரத்தையும் பக்கத்திலேயே எழுத வேண்டும். அணி இன்னும் ஒரு வருடத்துக்கு நிறுத்தி வைக்கப்படவில்லை. வாரம் மூன்று நாள் ஆயிற்று. அந்த வருடமும் முதல் சுற்றில்தான் தோற்றார்கள். முந்தைய வருடம் 9-0. இந்த முறை 4-0. தாளில் இரண்டு எண்களும் இருக்கின்றன. அடுத்த கூட்டத்தில் எதை வாசிப்பார்கள் என்று எனக்குத் தெரியாது.

இந்தக் கேள்வியை இந்தியாவில் நிஜமான பனியில் நின்று கேட்டவர்கள் லடாக் பெண்கள். இந்தியா 1989 முதல் சர்வதேச ஐஸ் ஹாக்கி சம்மேளனத்தில் உறுப்பினர். பெண்கள் தேசிய அணி முதன்முதலில் வெளிநாட்டுப் போட்டிக்குப் போனது 2016இல், தைபேயில் நடந்த ஆசிய சேலஞ்ச் கோப்பைக்கு. பொதுமக்களிடம் நிதி திரட்டித்தான் போனார்கள். அணியில் பெரும்பாலும் லடாக் பெண்கள். அவர்கள் ஆடிப் பழகியது உறைந்த குளங்களிலும் திறந்தவெளித் தளங்களிலும். டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி நடுவரை இரண்டு மாதம்தான் பனி நிற்கும். இராத்திரிக் குளிரில் தளத்தில் தண்ணீர் ஊற்றி, அது உறைந்ததும் மேலே மறுபடி ஊற்றி, அடுக்கடுக்காகப் பனித்தளம் உண்டாக்குவார்கள். மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்து இராத்திரியில் தோப்புக்குத் தண்ணீர் கட்டும் எங்கள் ஊர்க்காரர்கள் கேட்டால் நெருக்கமாக உணர்வார்கள். டேராடூனில் 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுக்காகக் கட்டிய உள்ளரங்கப் பனித்தளம், பராமரிக்கும் செலவுக்கு வழியில்லாமல் பல வருடம் மூடியே கிடந்தது. 2025இல்தான் மறுபடி உயிர் பெற்றது.

தைபேயில் பெரிய தோல்விகள். அடுத்த வருடமே, 2017இல் பாங்காக்கில் பிலிப்பைன்ஸை 4-3 என்று வென்றார்கள். இந்தியப் பெண்கள் அணியின் முதல் சர்வதேச வெற்றி. 2018 ஜனவரியில், நான்கு ஒலிம்பிக் தங்கம் வென்ற கனடாவின் ஹேலி விக்கன்ஹெய்சர் லடாக்குக்கே வந்து, அந்தப் பெண்களோடு பனியில் இறங்கினார். 2025 ஜூன் மாதம் ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐன் நகரில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியப் பெண்கள் வெண்கலம் வென்றார்கள். முதல் பதக்கம். முதல் பயணத்திலிருந்து ஒன்பது வருடம்.

ஆனாலும் பழைய ஆயக்கட்டு வெகு தூரம். பெண்கள் உலகப் போட்டியில் ஏழு படிகள் இருக்கின்றன. மேல்மட்டத்துக்குக் கீழே மூன்று டிவிஷன்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு பிரிவுகள். கீழ்ப்படியில் வென்றால் அடுத்த வருடம் ஒரு படி ஏறலாம். 2025 வரை இந்தியப் பெண்கள் அந்த ஏழாவது படியில்கூட நின்றதில்லை. உலகப் போட்டியில் ஆடினால்தான் தரவரிசைப் புள்ளி. புள்ளி இருந்தால்தான் நேரடி இடம். வருடம் முழுக்கப் பனித்தளம் இருந்தால்தான் அங்கே போய் நிற்க முடியும். ஒரு வெண்கலம் இந்தப் படிகளில் எதையும் தானாகத் திறந்துவிடாது. அந்தப் பெண்களுக்கு இது நம்மைவிட நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் ஒவ்வொரு குளிருக்கும் தண்ணீர் ஊற்றுகிறார்கள்.

பல்கேரியாவைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். 82-0க்குப் பிறகு அந்த அணியைக் கலைத்திருந்தால் யாரும் தப்புச் சொல்லியிருக்க மாட்டார்கள். கலைக்கவில்லை. 2022 ஏப்ரலில் பெண்கள் உலகப் போட்டியின் மூன்றாம் டிவிஷன் ஆட்டங்கள் பல்கேரியத் தலைநகர் சோபியாவிலேயே நடந்தன. பல்கேரியப் பெண்கள் தங்கள் ஊர்ப் பனியில் இறங்கி ஆடினார்கள்.